கப்பற்சரக்கின் சேதமும் நட்டஈட்டு வழக்கும்

மூன்று புறமும் கடலாலும் ஒரு புறம் களப்பாலும் சூழப்பெற்று, ஆனையிறவு என்னும் ஒடுங்கிய நிலத்தின் வழியே பெருநிலத்தோடு தொடர்புகொண்டிருப்பது நம் குடாநாடு. ஆதலின் இங்கு விளைந்த பொருள் வெளியே செல்வதற்கும், வெளியே விளைந்த பொருள் இங்கு வந்து சேர்வதற்கும் தூரம் ஒன்று எப்பொழுதும் இடையே நின்றது. நம் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. பனைமரமும் சலாகையும் அயற்கரைகளுக்குச் சென்றன. இரங்கூனிலிருந்து அரிசியும் மலையாளக்கரையிலிருந்து ஓடும் வந்தன. வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் இருந்து புறப்பட்ட பாய்க்கப்பல்களின் பெருமையை நாம் அறிவோம். வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பெற்று, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாறி, 1938ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறையை அடைந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது.

கப்பலைப் பற்றி எழுதினோர் பலர். அக்கப்பல்களில் ஏற்றிய சரக்கு ஏற்றியபடியே இறங்கிற்றா, இறங்காவிடில் அந்த நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. நம் கல்லூரியிற் பயின்றோருள் சுங்கப் பகுதியிலும் கப்பற் கந்தோர்களிலும் காப்புறுதி நிலையங்களிலும் கடமையாற்றியோர் உளர். நீதிமன்றங்களில் வாதாடுவோர் உளர். வணிகம் செய்வோர் உளர். கடல் கடந்து வாழ்ந்து ஊருக்குப் பெட்டி பெட்டியாகப் பொருள் அனுப்புவோரும் உளர். வணிகமும் சட்டமும் விஞ்ஞானமும் கற்கும் இன்றைய மாணவருக்கும் இப்பொருள் புறம்பானதன்று. ஆதலின் சரக்குச் சேதத்தைத் தடுப்பது எங்ஙனம், சேதம் நேர்ந்தபின் நட்டஈடு கேட்பதும் அக்கேள்வியை எதிர்த்து நிற்பதும் எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

பிறர் பொருளைச் சுமந்து செல்பவன் அப்பொருளுக்குப் பொறுப்பாளி என்பது மிகப் பழைய விதி. உரோம நாட்டு நீதித்தலைவர் கப்பற்காரரையும் விடுதிக்காரரையும் குதிரைலாயக்காரரையும் ஒரே வரிசையில் வைத்து, ஏற்ற பொருளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டனர். ஆங்கிலேயரின் பொதுச்சட்டமும் இதனையே வேறு வகையாற் கூறிற்று. தெய்வச் செயலும் அரசனுடைய பகைவரின் செயலுமே பொதுச் சுமையாளனுக்குக் கிடைத்த முதன்மையான விலக்குகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கப்பற் சொந்தக்காரர் இதற்கு மாற்றுக் கண்டனர். சரக்கேற்றியவனுக்குக் கொடுக்கும் சீட்டின் பின்புறத்திலே நுண்ணிய எழுத்தில் விலக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டனர். களவுக்குப் பொறுப்பில்லை, கசிவுக்குப் பொறுப்பில்லை, மாலுமியின் அசட்டைக்கும் பொறுப்பில்லை என்று வளர்ந்து, ஈற்றிலே கூலி வாங்கும் உரிமை ஒன்றே கப்பற்காரருக்கு எஞ்சிற்று எனலாம். அமெரிக்கர் 1893ஆம் ஆண்டில் ஹாட்டர் சட்டத்தால் இதற்கு அணையிட்டனர். பின்னர் 1921இல் ஹேக் நகரிலே வரையப்பெற்று 1924இல் பிரசல்ஸ் நகரிலே ஒப்பமிடப்பட்ட விதிகள் உலகெங்கும் பரவின. ஒப்பமிட்ட ஊரின் பெயரை விடுத்து வரைந்த ஊரின் பெயராலேயே அவை ஹேக் விதிகள் எனப்படுகின்றன. 1968இல் அவை திருத்தம் பெற்றன. இலங்கை முதலில் 1926ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தாலும், பின்பு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இவ்விதிகளைத் தனதாக்கிக்கொண்டது.

இவ்விதிகள் ஒரு சமரசம். கப்பற்காரன் பயணந் தொடங்குமுன்னும் தொடங்கும்போதும் கப்பலைக் கடலுக்குத் தக்கதாக்குவதில் உரிய சிரத்தை காட்டவேண்டும். சரக்கை ஏற்றுதல், அடுக்குதல், காத்தல், இறக்குதல் ஆகிய எல்லாவற்றையும் கவனமாகச் செய்யவேண்டும். இதற்கு ஈடாகப் பதினேழு விலக்குகள் அவனுக்கு அளிக்கப்பட்டன. கடலின் ஆபத்து, தெய்வச் செயல், போர், பொதியிடலின் குறை, பண்டத்தின் இயல்பான குற்றம் என்பன அவற்றுட் சில. மீகாமன் கப்பலை வழிதவறிப் பாறையில் மோதினால் கப்பற்காரன் பொறுப்பற்றவன் என்பதும், சரக்கறையின் மூடியைச் சரியாக மூடாமல் மழை புகவிட்டால் பொறுப்புடையவன் என்பதும் சட்டமறியாதாருக்கு வியப்பை விளைவிக்கும். நமக்கும் அது வியப்பே. இரு சாராரும் பேரம் பேசிச் செய்த விதியில் நியாயத்தின் அளவுகோல் எல்லாப் பக்கமும் ஒத்திருப்பதில்லை.

இவ்விதிகளில் ‘பண்டம்’ என்னும் சொல்லுக்குள் உயிருள்ள விலங்குகள் அடங்கா. மேற்றளத்தில் ஏற்றிச் செல்வதாகச் சீட்டிற் குறித்து அங்ஙனமே ஏற்றிய சரக்கும் அடங்காது. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறின என்பதை வரலாறு கற்றோர் அறிவர். அக்காலத்து யானை வணிகர் இக்காலத்தில் வந்து ஹேக் விதிகளை நாடியிருப்பாராயின் வெறுங்கையோடு திரும்பியிருப்பர்! நம் பனைமரமோ பெரிதும் மேற்றளத்து நீட்டிக் கட்டிய சரக்கு. அதுவும் இவ்வேலியின் புறத்தே நின்றது.

இனி ஒரு வழக்கு நடக்கும் முறையைப் பார்ப்போம். நட்டஈடு கேட்பவன் முதலில் நிறுவவேண்டியவை இரண்டு: பொருள் நல்ல நிலையிற் கொடுக்கப்பட்டது, கெட்ட நிலையிற் பெறப்பட்டது. முதலாவதற்குச் சான்று கப்பற்சீட்டு. “வெளித்தோற்றத்தில் நல்ல நிலையிற் பெற்றோம்” என்று அதில் எழுதி, வேறு குறிப்பு யாதும் எழுதாவிடில், அச்சீட்டே கப்பற்காரனுக்கு எதிரான சாட்சியாகும். ஆகவே சாக்கு நனைந்திருந்தால் ‘நனைந்திருந்தது’ என்றும், பெட்டி பிளந்திருந்தால் ‘பிளந்திருந்தது’ என்றும் ஏற்றும்போதே எழுதிவிடுதல் கப்பற்காரனின் முதற் பாதுகாப்பு. குறிப்புள்ள சீட்டை வங்கி ஏற்காது என்பதனால், குறிப்பை நீக்கும்படி சரக்குக்காரர் மன்றாடுவதும், பின்வரும் நட்டத்தைத் தாமே ஏற்பதாகத் தனிக்கடிதம் எழுதிக் கொடுப்பதும் வணிகவுலகில் நடப்பதே. உண்மைக்கு மாறான சீட்டைக் கொடுப்பதற்காக எழுதப்பட்ட அத்தகைய கடிதத்தை ஆங்கில நீதிமன்றம் செல்லாது எனத் தள்ளியிருக்கின்றது. கடிதத்தை நம்பிய கப்பற்காரன் இரு புறமும் இழந்தவனாவான்.

பொருள் நல்ல நிலையிற் கொடுக்கப்பட்டது என்பது தெளிவானபின் சுமை மறுபக்கம் மாறுகின்றது. அங்குத்தான் பெரிய வாதம் எழுகின்றது. “அப்பண்டமே கெடும் இயல்பினது, நாம் என்ன செய்வோம்?” என்பது கப்பற்காரனின் பழைய மறுமொழி. இம்மறுமொழியின் வலிமை எவ்வளவு என்பதை 2018 டிசம்பர் 5ஆந் திகதி ஐக்கிய இராச்சியத்து உயர் நீதிமன்றம் வொல்கஃபே வழக்கிலே தீர்த்தது. 2012ஆம் ஆண்டிலே கொலம்பியா நாட்டிலிருந்து ஜேர்மனிக்குச் சாக்குகளில் கோப்பிக்கொட்டை அனுப்பப்பட்டது. காற்றுப்புழை இல்லாத இரும்புக் கொள்கலன்கள்; அவற்றின் உட்புறத்திற் கப்பற்காரரின் ஆட்களே தடித்த தாளை விரித்துச் சாக்குகளை அடுக்கினர். சூடான நாட்டிலிருந்து குளிர்ந்த நாட்டுக்குச் செல்லும் வழியில் கோப்பியின் ஈரம் ஆவியாகி, குளிர்ந்த கூரையிற் பட்டுத் துளித்து, சாக்குகளை நனைத்தது. கோப்பி ஈரத்தை விடும் பொருள் என்பது உண்மையே. ஆயினும் அவ்வியல்பை அறிந்து ஏற்றவன், அதற்குத் தக்க கவனம் எடுத்ததை அவனே நிறுவவேண்டும் என நீதிமன்றம் கூறிற்று. எவ்வளவு தாளை எங்ஙனம் விரித்தோம் என்பதைக் கப்பற்காரரால் திருப்தியாக நிறுவ இயலவில்லை. நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. விரித்த அன்றே ஒரு படம் எடுத்து, தாளின் கனத்தையும் எத்தனை மடிப்பு என்பதையும் ஒரு வரியில் எழுதி வைத்திருப்பின், வழக்கின் போக்கு வேறாக இருந்திருக்கவும் கூடும்.

இந்த நீர்த்துளியின் இயல்பை மாணவர் தம் பௌதிக நூலிலே கற்றிருப்பர். 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்று ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்தவுடன் பனிக்கத் தொடங்கும். நம் நாட்டில் பகலில் மூடிய பெட்டிக்குள் இத்தகைய காற்று இருப்பது இயல்பு. இரவில் இரும்புக் கூரை 26 பாகைக்குக் கீழே குளிர்வதும் இயல்பே. ஆகவே ஐரோப்பாவுக்குச் செல்லும் வரை காத்திராமல், கொழும்புத் துறையில் வெயிலிலும் இரவிலும் சில நாள் கிடக்கும் கொள்கலனுக்குள்ளேயே மழை பெய்யலாம். மிளகாய், புகையிலை, ஒடியல், பனங்கட்டி ஆகிய நம் பொருள்கள் யாவும் ஈரத்தை வாங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் பொருள்கள். அடியில் உலர்ந்த பலகை இடுதலும், மேலே ஈரமுறிஞ்சும் அட்டையோ தாளோ விரித்தலும், கல்சியங் குளோரைட்டு நிறைத்த பைகளைத் தொங்கவிடுதலும் தடுப்பு முறைகளாம். எல்லாவற்றிலும் மேலானது பண்டத்தை நன்கு உலர்த்திய பின்பே ஏற்றுதல். பச்சைப் பலகையால் அடித்த பெட்டி உள்ளிருக்கும் பொருளை விட அதிக நீரைச் சுமந்து செல்லும் என்பது பலர் கவனியாத ஒன்று.

நனைந்த சாக்கு கரைக்கு வந்துவிட்டது; நனைத்தது எந்த நீர்? கடல்நீர் எனின் கப்பலின் மூடியிலோ உடலிலோ பழுது. குற்றம் கப்பற்காரன் பக்கம் சாயும். மழைநீர் எனின் ஏற்றும்போதோ இறக்கும்போதோ நனைந்தது. பனித்த நீர் எனின் பொதியிடலும் காற்றோட்டமும் விசாரணைக்கு வரும். இவ்வினாவுக்கு விடை தருவது நம் இரசாயன ஆய்வுகூடத்துக் கபில நிறப் போத்தலில் இருக்கும் வெள்ளி நைத்திரேற்றே. சரக்கு மதிப்பீட்டாளர் சட்டைப்பையில் அதனைச் சிறு குப்பியில் வைத்திருப்பர். கறைபட்ட இடத்தில் ஒரு துளி விட, குளோரைட்டு இருப்பின் பால்போன்ற வெண்மை தோன்றும். ஒளி பட அது கருகும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு, மழைநீரிலோ அற்பமே.

எனினும் வெண்மை தோன்றியவுடன் ‘கடல்நீர்’ என்று முடிவுகட்டுவது, சிறப்பாக யாழ்ப்பாணத்திலே, பெருந் தவறாகும். நம் கரையோரத்துக் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள். புகையிலையையோ சாக்கையோ அத்தகைய கிணற்றுநீர் தெளித்துப் பதப்படுத்தியிருந்தாலும் வெண்மை தோன்றும். கருவாட்டுச் சாக்கில் உப்பு இல்லாவிட்டாற்றான் அதிசயம். ஆகவே துளிச் சோதனை வழிகாட்டியே தவிரத் தீர்ப்பன்று. நனைந்த பகுதியிலும் அதே பொதியின் நனையாத பகுதியிலும் மாதிரி எடுத்து, மோர் முறையால் குளோரைட்டின் அளவைக் கணித்து ஒப்பிடல் வேண்டும். குரோமேற்று இட்டுச் செங்கல் நிறம் வரும்வரை துளித்துளியாக விட்டு அளக்கும் இச்சோதனையை உயர்தர வகுப்பு மாணவர் எத்தனையோ முறை செய்திருப்பர். பரீட்சைக்கு மட்டும் உரியதென்று அவர் கருதியிருக்கக்கூடிய அச்செயலைக் கொண்டு பல இலட்ச ரூபா வழக்குகள் தீர்கின்றன.

நம் முன்னோர் இவ்வறிவியலை நூலிற் கற்றாரல்லர். ஆயினும் ஈரத்தின் தன்மையை நன்கு அறிந்திருந்தனர். தென்னம்பொச்சுப் புகையில் உலர்த்திய புகையிலையை அளவறிந்து அடுக்கிப் பாயிற் பொதிந்து சிப்பமாகக் கட்டினர். மிகக் காய்ந்தால் இலை நொறுங்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பனையோலைப் பாய் காற்றை முற்றாகத் தடுப்பதுமில்லை, நீரை எளிதில் விடுவதுமில்லை. வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் காற்றுப்பட வளையில் தொங்கவிட்டதும் இவ்வறிவின் பாற்பட்டதே. வெங்காயம் அறுத்த பின்னும் சுவாசிக்கும் பொருள். நெருக்கி மூடிய பொதியிலே அது வெப்பத்தை விட்டு, தன் வெப்பத்தால் தானே அழுகும். தண்டு நன்கு காயாத வெங்காயத்தைச் சாக்கிலிட்டு லொறியில் ஏற்றிவிட்டு, அழுகியதற்கு லொறிக்காரரை நோவது முறையாகாது. நன்கு காய்ந்த வெங்காயத்தின்மேல் படங்கை இறுக மூடி வழியில் இரண்டு நாள் நிறுத்தி வைத்த லொறிக்காரர், இயல்பான குற்றம் என்று தப்புவதும் முறையாகாது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே காய்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டுசெல்லல் வேண்டுமென அரசாங்கம் விதித்தது. விவசாயிகளும் வியாபாரிகளும் தம்புள்ளை முதலிய இடங்களிற் கடுமையாக எதிர்த்தனர், விதி தளர்த்தப்பட்டது. நசுங்குவதால் ஏற்படும் சேதத்தைக் கூடை குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடையை வாங்குவது யார், வெறுங்கூடையைத் திருப்பி அனுப்புவது யார், ஒரு லொறி முன்பு ஏற்றிய அளவை ஏற்றாதவிடத்து மிகுதிக் கூலி யாருடையது என்ற கேள்விகளுக்கு விடை கூறாமல் விதி மட்டும் வந்தது. சேதத்தைத் தடுப்பதற்கும் ஒரு செலவு உண்டு. அச்செலவை யார் ஏற்பதென்று தீராதவரை எந்தத் தடுப்பும் நிலைப்பதில்லை என்பது எம் கருத்து.

இவ்விடத்திலே கோப்பாய், உரும்பிராய், இணுவில் முதலாம் ஊர்களின் செம்மண் தோட்டக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. பெருவணிகனுக்குக் கப்பற்சீட்டு உண்டு, காப்புறுதி உண்டு, வாதாட வழக்கறிஞர் உண்டு. தோட்டக்காரர் முப்பது சாக்கை லொறியில் ஏற்றித் தூரத்துக் கமிசன் கடைக்கு அனுப்புகின்றார். விற்ற பின்பே பணம். ‘பாதி அழுகி வந்தது’ என்று மறுநாள் செய்தி வந்தால் அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது. ஏற்றும்போது நன்றாக இருந்தது என்பதற்கும் சான்றில்லை. இறங்கும்போது அழுகியிருந்தது என்பதற்கும் சான்றில்லை. நம் சந்தைகளிலேயே பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ ‘கழிவு’ என்று கழித்தெடுக்கும் வழக்கத்தைப் பற்றிப் பலகாலமாக முறைப்பாடு எழுந்துள்ளது. அக்கழிவு யாது? சேதம் நேருமுன்பே, நேர்ந்ததாகக் கொண்டு, விசாரணையின்றி விளைவித்தவரிடமிருந்து அறவிடும் நட்டஈடன்றோ! திகதி, சாக்கின் எண்ணிக்கை, நிறை, ‘உலர்ந்தது’ அல்லது ‘ஈரம்’ என்னும் ஒரு சொல், லொறியின் இலக்கம், சாரதியின் கையெழுத்து: இவ்வளவும் எழுத அப்பியாசக் கொப்பியின் அரைத்தாள் போதும். இதனை இரண்டு பிரதியாக எழுதும் வழக்கம் வந்தால் தோட்டக்காரருக்கு மட்டுமன்றி, வீண்பழி சுமக்கும் சாரதிக்கும் அது கவசமாகும்.

எண்ணிக்கையைப் பற்றிக் கூறுங்கால், ஒன்று என்பதற்கு ‘லாபம்’ என்று தொடங்கி இராகத்தோடு உரக்க எண்ணும் பழைய முறை நினைவுக்கு வருகின்றது. அது மங்கலத்துக்கு மட்டும் ஏற்பட்டதன்று. கொடுப்பவர், எடுப்பவர், சுமப்பவர் மூவரும் ஒரே எண்ணைக் காதாற் கேட்பதால், பின்னர் முரண்பாடு எழ இடமில்லை. வடகரைத் துறைகளிலே பெரிய கப்பல்கள் கரைக்கு அண்மையில் வரவியலாமையால், தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, சரக்கு படகுக்கும், படகிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து கிட்டங்கிக்கும், கிட்டங்கியிலிருந்து வண்டிக்கும் கை மாறிற்று. ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சேதத்துக்கு வாயில். நாட்டாமைமாரின் கொளுக்கி சாக்கைக் கிழிக்கும். கிழிந்த சாக்கு அரிசியைச் சிந்தும். 1950இல் உற்பத்தி தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பொதிகளைப் போன்ற கடதாசிப் பொதிகளுக்குக் கொளுக்கி பரம வைரி. ஒரு துளை வழியே ஈரம் புகுந்தால் உள்ளே சீமெந்து கல்லாகிவிடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தால், எந்த இடத்திற் கிழிந்தது என்பது தானே வெளிப்படும். வாங்காதிருந்தால் கடைசியாகக் கையில் வைத்திருந்தவரே பழியை ஏற்பர். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின் குடாநாட்டுக்கு வேண்டிய பண்டங்கள் கப்பல்வழியே வந்த காலத்தில், இந்தப் பழைய கைமாற்றங்கள் யாவும் மறுபடியும் நம் கண்முன் நிகழ்ந்தன.

தரைவழியிலும் அலையுண்டு. கொள்கலன்களையும் லொறிகளையும் பொதிவதற்குச் சர்வதேச நிறுவனங்கள் வகுத்த 2014ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, வீதியிலே சடுதியாகத் தடை போடும்போது சரக்கு தன் நிறையின் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னே பாயும். வளைவிலே பத்தில் ஐந்து பங்கு விசையோடு பக்கத்தே சாயும். ஆயிரங் கிலோப் பொறி ஒன்று முன்னே பாய்வதைத் தடுக்க எண்ணூறு கிலோ நிறையைத் தாங்கவல்ல கட்டோ முட்டோ வேண்டும் என்பது இதன் பொருள். கயிறு நான்கு இடத்திற் கட்டியிருக்கின்றதே என்பது போதாது. எவ்விடத்து, எந்தத் திசையை நோக்கிக் கட்டப்பட்டது என்பதே கேள்வி.

ஒருவரின் பொதியிடற் குறை அவர் பொருளோடு நின்றுவிடுவதில்லை. ‘எக்ஸ்-பிறெஸ் பேர்ள்’ என்னும் கப்பல் 1486 கொள்கலன்களோடு கொழும்புக்கு அப்பால் 2021 மே 20ஆந் திகதி தீப்பற்றி, ஜூன் 2ஆந் திகதி அமிழ்ந்தது. அதற்குப் பல நாள் முன்பே ஒரு கொள்கலனிலிருந்து நைத்திரிக்கமிலம் கசிந்தது தெரிந்திருந்தது. அதனை இறக்கிவிட இரண்டு துறைமுகங்களிற் கேட்டும் இடங் கிடைக்கவில்லை. அமிலத்துக்குச் சம்பந்தமேயில்லாத ஆயிரக்கணக்கான வணிகரின் பொருளும், மேற்குக் கரையின் மீனவர் பிழைப்பும் அதனோடு அழிந்தன. 2025 ஜூலையிலே இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது. சரக்குக்குரிய வழக்கு வேறு, கடலுக்கும் கரைக்கும் உரிய வழக்கு வேறு. இரண்டுக்கும் வித்து ஒரே கொள்கலனில் இருக்கலாம் என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இனி, வென்ற வழக்கிலும் முழுத்தொகை கிடைக்குமா? பெரும்பாலும் கிடையாது. திருத்திய சர்வதேச விதிகளின்படி, பெறுமதியை முன்னரே அறிவித்துச் சீட்டிற் பதியாதவிடத்து, ஒரு பொதிக்கு 666.67 அல்லது ஒரு கிலோவுக்கு 2 என்ற கணக்கில் எது கூடியதோ அதுவே உச்சவரம்பு. இங்கே அலகு ரூபாவுமன்று, டொலருமன்று; சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பனவு உரிமை என்னும் கணக்கலகு. இதிலே ஒரு நுட்பம் உண்டு. பத்தாயிரங் கிலோ நிறையுள்ள முந்நூறு பெட்டிகள் ஒரு கொள்கலனில் இருக்கின்றன. சீட்டிலே ‘ஒரு கொள்கலன்’ என்று மட்டும் எழுதியிருப்பின் அது ஒரே பொதி. நிறைக்கணக்கில் வரம்பு 20,000. ‘முந்நூறு பெட்டிகள்’ என்று எழுதியிருப்பின் வரம்பு 2,00,001. கடலும் கப்பலும் பொருளும் ஒன்றே. எழுதுவினைஞர் தட்டிய ஒரு வரியால் தொகை பத்து மடங்காகின்றது.

காலமும் ஒரு வேலி. வெளிப்படையான சேதத்தைப் பொருளை எடுக்கும்போதே எழுத்தில் அறிவிக்கவேண்டும். உள்ளே மறைந்த சேதத்தை மூன்று நாளுக்குள் அறிவிக்கவேண்டும். இரு சாராரும் கூடிப் பரிசோதித்திருந்தால் அறிவித்தல் தேவையில்லை. அறிவிக்கத் தவறினால் வழக்கு அழிந்துபோவதில்லை. பொருள் நல்ல நிலையிலேயே கிடைத்தது என்ற ஊகம் எதிரே நிற்கும், அதனைச் சான்றால் உடைக்கலாம். ஆனால் ஓராண்டுக்குள் வழக்குத் தொடராவிடில் உரிமையே அற்றுவிடும். கடிதத்துக்குக் கடிதம் எழுதி, ‘பரிசீலிக்கின்றோம்’ என்ற மறுமொழியை நம்பியிருந்து, பதின்மூன்றாம் மாதத்திலே வழக்கறிஞரை நாடுவோருக்கு அவர் செய்யக்கூடியது அதிகமில்லை. கால நீடிப்பை எழுத்தில் வாங்கியிருந்தால் மட்டுமே தப்பலாம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த மூன்று நாள் மற்றையோரைவிடக் குறுகியது. கப்பல் இறக்குவது கொழும்பில். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் லொறியில் வந்த பின்னரே பெட்டி இங்கு திறக்கப்படுகின்றது. அப்பொழுது உடைவு தெரிந்தால் ‘கடலில் உடைந்ததன்று, வீதியில் உடைந்தது’ என்பார் கப்பற்காரர். ‘கொழும்பிலேயே உடைந்திருந்தது’ என்பார் லொறிக்காரர். இருவருக்கும் நடுவே உரிமையாளர் நிற்பர். ஆதலின் பெறுமதி மிக்க பொருளாயின் கொழும்பிலேயே ஒருவர் முன்னின்று, கொள்கலனின் முத்திரை இலக்கம் சீட்டோடு ஒத்திருக்கின்றதா எனப் பார்த்து, ஐயமுள்ள பெட்டியை அங்கேயே திறந்து பரிசோதித்தல் நன்று.

காப்புறுதி இருக்கும்போது இத்தனை கவலை ஏன் எனச் சிலர் கேட்பர். மிக விரிந்த காப்புறுதியும் போதாத பொதியிடலால் வந்த நட்டத்தையும், பண்டத்தின் இயல்பால் வந்த நட்டத்தையும், தாமதத்தால் வந்த நட்டத்தையும் ஏற்பதில்லை. அன்றியும், பணம் கொடுத்த காப்புறுதியாளர் நம் இடத்தில் நின்று கப்பற்காரர்மேல் வழக்காடும் உரிமை பெறுகின்றார். நாம் அறிவித்தலைத் தவறவிட்டு அவ்வுரிமையைக் கெடுத்திருந்தால் அவர் நம்மைக் கேள்வி கேட்பார். சேதம் மேலும் பரவாமல் தடுக்கும் கடமையும் நமக்கு உண்டு. நனைந்த சாக்கை உலர்ந்த சாக்கிலிருந்து பிரித்து வைக்காதவர், பின்னர்க் கெட்டதற்கும் சேர்த்துக் கேட்க இயலாது.

வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் தம் கல்லூரிகளுக்கு நூல்களும் ஆய்வுகூடக் கருவிகளும் அனுப்புவது இக்காலத்து வழக்கம். அனுப்புவோர் ஒவ்வொரு பெட்டியின் உள்ளடக்கத்தையும் விலையையும் தனித்தனியே எழுதி, மூடுமுன் படம் எடுத்து, அப்படத்தை இங்குள்ளோருக்கு அன்றே அனுப்பிவிடுதல் வேண்டும். நூல்களைப் பெரிய பெட்டியில் நிறைத்தால் அடி பிளக்கும். சிறு பெட்டிகளே தக்கவை. கண்ணாடிக் கருவிக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே நாற்புறமும் மெத்தென்ற இடைவெளி வேண்டும். பெறுவோர், நீட்டிய புத்தகத்தில் ‘நல்ல நிலையிற் பெற்றேன்’ என்ற அச்சு வரியின்கீழ் உடனே கையெழுத்திடாமல், பெட்டியைச் சுற்றிப் பார்த்து, மூலை நசுங்கியிருந்தால் ‘வலப்புற மூலை நசுங்கியுள்ளது, திறந்து பார்க்கவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே எழுதவேண்டும். கொண்டுவந்தவர் அவசரப்படுத்துவார், எழுத ஒரு நிமிடம் போதும். திறந்த பின் உள்ளே உடைந்திருக்கக் கண்டால், உடைந்த கண்ணாடித் துண்டுகளையும், இடையில் வைத்த கடதாசியையும், பெட்டியின் பலகையையும் பெருக்கி எறிந்துவிடாமல், மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை ஒரு மூலையில் அப்படியே வைத்திருத்தல் வேண்டும்.